ஹவுசிங் மாற்றும் பேரன்மார்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வயிற்றுப் பேரன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து போடியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினான். பழைய மாடல் தார். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். வேப்பமரத்தடியில் வண்டியை விட்டவன், ஆச்சி கொடுத்த காபியைக் கூடக் குடிக்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியச் சொன்னான். எழுபதைத் தாண்டியவனுக்குக் குனிவது ஒரு காரியம், நிமிர்வது இன்னொரு காரியம். இருந்தாலும் வண்டிக்கு அடியில் பார் என்று யாராவது சொன்னால் இந்த உடம்பு தானாகக் குனிந்துவிடுகிறது. முப்பத்து நாலு வருஷப் பழக்கம்.

"தாத்தா, இந்த ஐ.எஃப்.எஸ்.ஸைக் கழட்டிப் போட்டுட்டு சாலிட் ஆக்ஸில் ஏத்தப் போறேன். காயலான் கடையில எம்.எம். 540 ஃப்ரண்ட் ஹவுசிங் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். நீங்க கூட இருந்தாப் போதும், நாலு நாள்ல முடிச்சிடலாம்" என்றான்.

நாலு நாள் என்று அவன் சொன்னதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு முன் ஹவுசிங்கை மாற்றாதீர்கள். உங்கள் வீட்டுப் பையன்கள் மாற்றப் போகிறேன் என்றால் விடாதீர்கள். பட்டறைக்காரர் "செஞ்சு தர்றேன்" என்றால் அந்தப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள்.

இப்படிச் சொல்வதால் நான் சாலிட் ஆக்ஸிலுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். நான் அதைப் பார்த்தே வளர்ந்தவன். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்பின் முன்பக்கம் இருந்தது ஒரே இரும்புக் குழாய். நடுவில் சற்று ஒதுங்கினாற்போல டிஃபரன்ஷியல் பானை, இரண்டு முனையிலும் நக்கிள், மேலே பட்டை ஸ்பிரிங். 1947-லிருந்து மஹிந்திராக்காரர்கள் அந்த வில்லீஸையே இங்கே கொண்டுவந்து பூட்டி விற்றார்கள். அதன் பிள்ளைகளும் பேரன்களுமாக வந்த ஜீப்புகள்தான் எங்கள் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலை ஏறியவை. இன்றைக்கும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற ஜீப்புகளைப் பாருங்கள். கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்துக்கு, பாதை என்று சொல்ல முடியாத கற்குவியல் மேல் ஏறி இறங்குகின்றன. சாலிட் ஆக்ஸில் இல்லாமல் அந்தப் பிழைப்பு நடந்திருக்காது.

அதன் சூட்சுமம் ரொம்ப எளிது. காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் கம்பு. ஒரு முனை மேலே போனால் மறு முனை கீழே வரும். சாலிட் ஆக்ஸிலும் அதுதான். இடது சக்கரம் பாறை மேல் ஏறும்போது வலது சக்கரம் கீழே அழுத்தப்பட்டுத் தரையைத் தேடிப் பிடிக்கும். வண்டியில் எத்தனை பேர் ஏறினாலும் டிஃபரன்ஷியல் பானைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறாது. ஏனென்றால் பானை தொங்குவது சக்கரங்களின் மேல், சேஸிஸின் மேல் அல்ல. அடிபட்டு வளைந்தால் ஜாக்கி வைத்து நிமிர்த்தலாம். விட்டுப்போனால் வெல்டிங் வைக்கலாம். ஒரு சுத்தியலும் இரண்டு ஸ்பேனரும் போதும்.

இந்த ஐ.எஃப்.எஸ். என்பது காவடி இல்லை, இரண்டு கையில் இரண்டு குடம். ஒரு கை ஏறினால் மற்றொரு கைக்குத் தெரியாது. தார்ச்சாலையில் இதுதான் சுகம். இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலது சக்கரம் தன் பாட்டுக்கு நேராக ஓடும். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற இரும்பின் எடையும் குறைவு. அதனால் ஸ்டீயரிங் கையில் நிற்கும், வேகத்தில் பயமில்லை. ஆனால் காட்டுக்குள் போனால் சக்கரம் தொங்கும், ஷாஃப்ட் கோணல் அதிகமாகி ஜாயிண்ட் கத்தும், ரப்பர் பூட் கிழியும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். 2010-ல் தார் வந்தபோது முன்பக்கம் டார்ஷன் பார் வைத்த தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். 2020-ல் வந்த புதுத் தாரிலும் முன்பக்கம் தனித்தனிதான். ஜனங்கள் நெடுஞ்சாலையில் நூறில் போகிறார்கள், கம்பெனிக்காரன் அதற்குத் தகுந்தபடி கட்டினான். அதில் எனக்குக் குறை இல்லை.

ஆக, பேரன் கேட்ட பொருள் நல்ல பொருள். அவன் செய்ய நினைத்த வேலைதான் கெட்ட வேலை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இன்றைய பையன்களின் வியாதி.

அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? பழையதைக் கழட்டி, புதியதை மாட்டி, நாலு யூ போல்ட்டை இறுக்கினால் முடிந்தது என்று. செல்போனில் பத்து நிமிஷ வீடியோவில் அப்படித்தான் தெரியும். நான் கடகடவென்று சொல்கிறேன், எத்தனை இடத்தில் வண்டியின் உயிர் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் கிரவுன் பினியன் கணக்கு. கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் விகிதம் 5.38. கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.1. முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கு இருந்தாக வேண்டும். காயலான் கடையில் கிடைத்த ஹவுசிங்கைப் பல் எண்ணாமல் மாட்டிவிட்டு 4x4 லீவரைப் போட்டால், முன் சக்கரம் ஒரு வேகம் கேட்கும், பின் சக்கரம் வேறு வேகம் கேட்கும். சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும். கெட்டியான தரையில் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும். அடுத்து, டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியே வருகிறதோ அந்தப் பக்கமே பானையும் இருக்க வேண்டும். இதையெல்லாம் பையன்கள் எப்படியோ தெரிந்துகொண்டு விடுகிறார்கள். ஏனென்றால் இது தப்பினால் வண்டி ஓடாது. ஓடாத வண்டி யாரையும் கொல்லாது.

கொல்வது ஓடுகிற வண்டி. அங்கேதான் கேஸ்டர் வருகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், மேல் பக்கம் ஓட்டுகிறவனை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் கிங் பின்னுக்கும் அதே சாய்வு உண்டு. பழைய வில்லீஸுக்குக் குறித்திருந்தது 3 டிகிரி. மூன்றே டிகிரிதானே என்று இளக்காரமாக நினைக்கக் கூடாது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதே, அது இந்த மூன்று டிகிரியின் தயவு. ஹவுசிங் மேல் ஸ்பிரிங் உட்காருகிற மேடையை எந்தக் கோணத்தில் வெல்டு வைக்கிறீர்களோ, அதுதான் கேஸ்டரைத் தீர்மானிக்கும்.

இப்போது சிக்கலைக் கேளுங்கள். ஹவுசிங் மாற்றுகிறவன் எவனும் வண்டியை உயர்த்தாமல் விடமாட்டான். பெரிய டயர் போட வேண்டுமே! வண்டி உயர்ந்தால் டிரான்ஸ்பர் கேஸும் உயரும். ஷாஃப்ட் செங்குத்தாக இறங்கி யூ.ஜே. கிராஸ் கடகடக்கும். அதற்குப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? பினியன் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி வெல்டு வைப்பார். ஷாஃப்ட் நேராகிவிடும், சத்தம் நின்றுவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மூக்கைத் தூக்கினால் மொத்த ஹவுசிங்கும் உருளும். கிங் பின்னின் தலை முன்னால் சாயும். மூன்று டிகிரி போய் சைபர் ஆகும், சில சமயம் சைபருக்கும் கீழே போகும். இதற்குச் சரியான வைத்தியம், குழாயின் முனையில் நக்கிள் கூட்டை அறுத்து, திருப்பி, மறுபடி அளந்து வெல்டு வைப்பது. அதைச் செய்ய ஜிக் வேண்டும், அளவுகோல் வேண்டும், பொறுமை வேண்டும். நாலு நாள் வேலையில் அதற்கு இடம் கிடையாது.

இன்னொன்று ஸ்டீயரிங். தனித்தனி சஸ்பென்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் ரேக் அண்ட் பினியன். சாலிட் ஆக்ஸிலுக்கு ஸ்டீயரிங் பாக்ஸ் வைத்து, அதிலிருந்து டிராக் லிங்க் கம்பி நக்கிளுக்கு இறங்க வேண்டும். அந்தக் கம்பி முடிந்தவரை படுத்த வாக்கில் இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தி அதைச் சரிவாக விட்டால், ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் கம்பி நக்கிளைத் தள்ளும். ஸ்டீயரிங்கை நீங்கள் திருப்பவில்லை, வண்டியே திருப்புகிறது. பிரேக் மிதித்தால் மூக்கு அமுங்கும். மூக்கு அமுங்கினால் சக்கரம் திரும்பும். நிறுத்த வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற அந்தக் கணத்தில்தான் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

கேஸ்டரும் போய், ராட் எண்டுகளும் தேய்ந்திருந்தால், அறுபது எழுபதில் ஒரு சின்னப் பள்ளம் போதும். முன் சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும், ஸ்டீயரிங் கையை உடைப்பதுபோல் ஆடும். பையன்கள் அதற்கு 'டெத் வாபிள்' என்று பெயர் வைத்து, ஒரு ஸ்டீயரிங் டாம்பரை மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு டைஃபாய்டு போய்விட்டது என்பது மாதிரி. கூடவே பிரேக் ஹோஸ் நீளம், டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் உள்ள பிரேக் பங்கீடு. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம். பழைய ஹவுசிங்கில் அதன் சென்சாருக்கு இடமே கிடையாது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டேஷ்போர்டில் எரிகிற மஞ்சள் விளக்கின் மேல் டேப் ஒட்டுகிறார்கள். என் கண்ணால் பார்த்தேன்.

இவ்வளவு விவரமாக இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

1977-ல் ஓர் அரசுத் துறைப் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, 2011-ல் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். மூன்று பிள்ளைகள், சம்பளம் பத்தாது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் சிநேகிதர் ஒருவரின் பட்டறையில் வேலை பார்ப்பேன். 1999-ல் ஓர் ஏலத்தோட்டத்து முதலாளி தன் வண்டியைக் கொண்டுவந்தார். 4x4 தான், ஆனால் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். தோட்டத்துப் பாதையில் அடிக்கடி முன் ஷாஃப்ட் போகிறது, "ஜீப்பு மாதிரி முரட்டுத்தனமா ஆக்கிக் குடுங்க" என்றார். மிலிட்டரி ஏலத்தில் வந்த ஹவுசிங் ஒன்று எங்களிடம் கிடந்தது. திங்களும் செவ்வாயும் லீவு போட்டேன். நாலே நாள். ஸ்பிரிங் மேடையைக் கண்ணளவில் வைத்து வெல்டு அடித்தேன். ஷாஃப்ட் நேராக வர வேண்டும் என்று பினியன் மூக்கைத் தூக்கினேன். டிராக் லிங்க் சரிவாகத்தான் இருந்தது. "ஓடி ஓடி செட் ஆயிரும்" என்றேன். இரும்பு செட் ஆகுமா? ஆகாது என்று அப்போதே தெரியும். ஆனால் ஊர்முழுக்க என்னைக் கைராசிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திமிர்.

ஐந்தாறு வாரம் வண்டி நன்றாக ஓடியது. தோட்டத்துப் பாதையில் யானை மாதிரி ஏறுகிறது என்று முதலாளி ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். ஒருநாள் சாயங்காலம், போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, பின்னால் பன்னிரண்டு பேர். பழம் பறித்துவிட்டு வீடு திரும்புகிற பெண்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் டிரைவர் பிரேக் மிதித்திருக்கிறார். மூக்கு அமுங்கியது, சக்கரம் தானாகத் திரும்பியது. அவர் ஒடித்துப் பிடிப்பதற்குள் வண்டி மலைப் பக்கத்துச் சுவரில் மோதிச் சாய்ந்தது. மலைப் பக்கம் என்பதால் இன்றைக்கு நான் இதை எழுதுகிறேன். மறுபக்கம் என்றால் பன்னிரண்டு பேருக்கும் திவசம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஓர் அம்மாவுக்கு வலது தோள்பட்டை உடைந்தது. அதற்குப் பிறகு அவரால் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, தோட்ட வேலையும் போயிற்று.

கேஸ் யார் மேல் எழுதினார்கள் தெரியுமா? டிரைவர் மேல். கவனக்குறைவாகவும் அதிவேகமாகவும் ஓட்டினார் என்று. லைசென்ஸை ஆறு மாசம் முடக்கினார்கள். முதலாளி அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும், கைக்குழந்தை ஒன்று. நொறுங்கிக் கிடந்த வண்டியைப் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். நான் தூக்குக்குண்டு கட்டி கிங் பின்னின் சாய்வைப் பார்த்தேன். மோதலில் வளையாத பக்கத்தில் கேஸ்டர் சைபருக்குக் கீழே இருந்தது. என்ன நடந்தது என்பது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அரசு வேலை போய்விடும் என்று பயம். அந்த டிரைவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் சாலிட் ஆக்ஸில் பற்றி இவ்வளவு சூடாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். வெல்டு வைத்தவன் வீட்டில் தூங்குவான். தண்டனை ஓட்டுகிறவனுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கும்.

பேரனிடம் இதைச் சொல்வதற்கு முன்னால் அவன் எடுத்துவைத்த வாதங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் மட்டும் இல்லை, எல்லாப் பையன்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

"கொழுக்குமலை ஜீப் எல்லாம் ஓடுதே தாத்தா?" ஓடுகிறது. அவை சாலிட் ஆக்ஸிலோடு பிறந்தவை. அவற்றின் சேஸிஸ், ஸ்டீயரிங், ஸ்பிரிங் மேடை எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து கட்டியவை. நடந்து போகிறவன் முந்துகிற வேகத்தில் ஏறுகின்றன. நீயோ வாரத்தில் ஐந்து நாள் அவினாசி ரோட்டில் ஆபீஸுக்குப் போகிறாய்.

"அமெரிக்காவுல எல்லாரும் செய்யுறாங்க." செய்கிறார்கள். டொயோட்டா பிக்கப்புக்கு 1986 மாடலில் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தபோது, அதற்கு முந்தைய மாடலின் முன் ஆக்ஸிலைத் தேடிப் பிடித்து மாட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கே அதற்கென்றே ஸ்பிரிங் மேடை, ஸ்டீயரிங் கை, பிராக்கெட் எல்லாம் அளவெடுத்துச் செய்து விற்கிற கம்பெனிகள் இருக்கின்றன. பாறை ஏறுவதற்கென்றே கட்டிய வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் இறக்குகிறவர்கள் நிறையப் பேர். நீ அவர்களிடமிருந்து ஆசையை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, அளவை அங்கேயே விட்டுவிட்டாய்.

"சட்டம் கிட்டம் எல்லாம் மாமூல் வாங்கத்தான்." இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் மண்ணைத் தூவி எப்சி வாங்கிவிடலாம். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரன் வந்து வண்டிக்கு அடியில் குனிந்தால், ஆர்.சி. புக்கில் இல்லாத ஹவுசிங்கைப் பார்த்ததும் பணத்தைக் கொடுக்காமல் இருக்கக் காரணம் தேடுவான். அடிபட்டவன் குடும்பம் கோர்ட் வாசலில் வருஷக்கணக்கில் நிற்கும். உன் அபராதம் 5,000. அவர்கள் கட்டுகிற அபராதம் எவ்வளவு?

ஒரு விஷயத்தில் பையன்கள் பக்கம் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நம் நாட்டில் ஒழுங்காகச் செய்ய நினைக்கிறவனுக்கும் வழி ஏறக்குறைய அடைத்துத்தான் கிடக்கிறது. ஜெர்மனியில் வண்டியில் மாற்றம் செய்தால் ஓர் இன்ஜினியர் வந்து அளந்து, ஓட்டிப் பார்த்து, சரியென்றால் வண்டியின் காகிதத்திலேயே எழுதிக் கொடுக்கிறார். ஆஸ்திரேலியாவிலும் இன்ஜினியர் சான்றிதழ் உண்டு. இங்கேயும் அப்படி ஒரு முறை வர வேண்டும். கேஸ்டர் என்ன, பிரேக் என்ன என்று அளந்து, வெல்டு வைத்தவன் பெயரையும் பதிய வேண்டும். பெயர் பதிந்தால்தான் பயம் வரும். 1999-ல் என் பெயரை எங்காவது எழுத வேண்டியிருந்தால், நான் நாலு நாளில் அந்த வேலையை முடித்திருக்க மாட்டேன். ஆனால் அப்படி ஒரு முறை வரும்வரைக்கும், வழி இல்லை என்பது குருட்டு வேலைக்கு அனுமதி ஆகாது.

சாலிட் ஆக்ஸில்தான் வேண்டுமா? அதோடு பிறந்த வண்டியை வாங்குங்கள். 1985-ல் வந்த ஜிப்ஸி முன்னும் பின்னும் சாலிட். நல்ல கண்டிஷனில் தேடினால் இன்னும் கிடைக்கிறது. 2023-ல் வந்த ஜிம்னியும் இரண்டு பக்கமும் சாலிட், அதுவும் காயில் ஸ்பிரிங்கோடு. பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை எடுத்து, கிங் பின் பேரிங்கும் ராட் எண்டும் புதிதாகப் போட்டு, பட்டைகளுக்கு புஷ் மாற்றி ஓட்டுங்கள். அந்த வேலைக்கு நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவன் போனைக் கீழே வைத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டிரைவர் இப்ப எங்க இருக்காரு தாத்தா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் நான் என்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

விசாரித்தால் இரண்டே நாளில் விலாசம் கிடைத்தது. தேட நினைத்திருந்தால் அப்போதே கிடைத்திருக்கும். போன வாரம் பேரன் தன் தாரிலேயே என்னை அழைத்துக்கொண்டு போனான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மேடையைக் கண்ணளவில் வைத்ததிலிருந்து தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றார். "பிரேக்கை மிதிச்சா ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிட்டு ஓடும். முதல் வாரத்துலயே முதலாளிகிட்ட சொன்னேன். உங்க பேரைச் சொல்லி, அவர் வேலை தப்பாதுன்னுட்டாரு. ஸ்டேஷன்லயும் சொன்னேன். டிரைவர் சொன்னா யாருண்ணே கேப்பா?"

டீக்குக் காசு கொடுக்கக்கூட அவர் என்னை விடவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம். ஆனால் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லையாம்.

தோள்பட்டை உடைந்த அம்மா இங்கே போடியிலேயேதான் இருக்கிறார். அங்கே இன்னும் போகவில்லை. போக வேண்டும்.

திரும்பி வரும்போது தாராபுரம் தாண்டியதும் பேரன் காயலான் கடைக்குப் போன் போட்டு ஹவுசிங் வேண்டாம் என்று சொன்னான். அட்வான்ஸ் இரண்டாயிரம் திரும்பி வராதாம். போகட்டும். தாரின் முன் பால் ஜாயிண்ட் இரண்டும் தேய்ந்திருந்தன. அடுத்த ஞாயிறு அதை மாற்றுகிறோம். புது ஜாயிண்ட், கம்பெனி அளவு, அதன்பிறகு அலைன்மெண்ட். ஒரு நாள் வேலைதான், நான் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன்.